ஆரஞ்சுப் பொட்டு

நேற்றிரவு கடிகாரங்களை
ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள்.
தோட்டத்துச் சூரியக் கடிகாரத்திடம்
யாரும் சொல்லவில்லை.
சூரியனும் வராததால் தகராறு இல்லை.

ஷ்ராப்ஷயரில், ஹாரெல்ஸ்டன் மாளிகை.
குளிர்காலத்துக்கு மூடும் முன் கடைசி ஞாயிறு.
வாரநாளில் அட்டையைக் காட்டிப்
பின்வாசலில் நுழைகிறவள்
இன்று வரிசையில் நின்று
பன்னிரண்டு பவுண்டுக்குச் சீட்டு வாங்கினேன்.

கூதிர் என்றொரு பருவம்.
ஐப்பசியும் கார்த்திகையும் என்று
இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்,
விடைத்தாள் முழங்கை வியர்வையில் ஒட்ட.
மதிப்பெண் அன்றே கிடைத்தது.
பொருள் கிடைக்க இருபத்தாறு வருடம்.
பீச் மரங்களின் அடியில்
கணுக்கால் வரை செம்பு.
மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
இல்லை,
நேற்றைய மழையில் நமத்த அப்பளம்.

மதில் சூழ்ந்த தோட்டத்தில்
பேரி மரங்களைச் சுவரோடு நிறுத்தி
ஆணியடித்து வளர்த்திருக்கிறார்கள்.
நூறு வருடம் முன்பு எவனோ போலீஸ்காரன்
'கையை விரி' என்றானாம்,
இன்னும் மடக்கச் சொல்லவில்லை.

தள்ளுவண்டி நிறைய உதிர்ந்த ஆப்பிள்.
பக்கத்தில் தகர உண்டியல்,
'விருப்பம்போல் போடுங்கள்'.
மூன்று எடுத்து ஒரு காசு போட்டேன்.
ஊருக்கே கேட்டது.

தோட்டக்காரர் ப்ரோதரோ நிமிர்ந்தார்,
மோவாயை வாரியின் காம்பில் ஊன்றி.
'இன்றைக்குமா எண்ண வந்தீர்கள்?'
சும்மா வந்தேன் என்பதற்கு
ஆங்கிலத்தில் தோளைக் குலுக்கினேன்.

புல்வெளி முடிகிற இடத்தில் ஒரு பள்ளம்,
ஆடுகள் ஏறிவிடாமல்,
மாடி ஜன்னலுக்கு வேலியும் தெரியாமல்.
அதற்கு ஹா-ஹா என்று பெயர்.
யார் சிரித்தது என்று பலகையில் இல்லை.

அப்பால் காடு.
ஆஷ் மரங்கள்.
மற்றவை மஞ்சளும் சிவப்புமாகச்
சொல்லிக்கொண்டு போகும்போது
இவை பச்சையாகவே இலையை விட்டுவிடும்,
பாதிப் பேச்சில் எழுந்து போகிறவர்கள் மாதிரி.
நாற்பத்தொன்றில், நெஞ்சுயரத்தில்,
ஆரஞ்சுப் பொட்டு.
வைத்தவள் நான்.

மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒரு பையன்
அது என்னப்பா என்றான்.
'பரிசு வாங்கின மரங்களாக இருக்கும்.'
பையன் எண்ணத் தொடங்கினான்,
பதினேழில் தவறி மறுபடி ஒன்றிலிருந்து.
மொத்தம் எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

இருபத்தொன்பதாவதைப் பார்க்கத்தான் வந்தேன்.
செப்டம்பரில் சுத்தியால் தட்டினேன்,
நல்ல சத்தம்தான் வந்தது.
ஆனால் கிளை பிரியும் இடத்தில்
வைர வடிவில் ஒரு கருகல்,
கீழே நடைபாதை, ஒரு பெஞ்சு,
பெஞ்சில் எப்போதும் யாராவது.
படிவத்தில் 'ஐயம்' என்று கட்டம் கிடையாது.

காற்று வந்தது.
வெட்டப்போகும் கிடாய்க்கு மாலை போட்டு
மஞ்சள்தண்ணீர் தெளிப்பார்கள்.
உடம்பு சிலிர்த்தால் சம்மதம்.
சிலிர்க்காத கிடாயை நான் கண்டதில்லை,
தண்ணீர் அவ்வளவு குளிர்.
பொட்டு வைத்ததெல்லாம் சிலிர்த்தது.
வைக்காததும் சிலிர்த்தது.

பையன் ஈரமான மேப்பிள் இலையொன்றை
இருபத்தொன்பதின் பொட்டின்மேல் ஒட்டினான்.
உள்ளங்கையால் அழுத்தினான்.
கொஞ்சம் விலகிப் பார்த்து
இன்னொரு முறை அழுத்தினான்.

செவ்வாய்க்கிழமை வருகிறவர்களிடம்
பட்டியல் இருக்கிறது, வரைபடமும்.

மூடுகிற மணி அடித்தது.
நான்குதான், ஆனால் இருட்டு ஐந்துக்கானது.
ஆப்பிளைக் கடித்தேன்.
பல் கூசியது.
காரை எடுக்கும்வரை
அந்த இலை விழவில்லை.